மண் காத்த பொருளும் மனிதர் கடமையும்

தமிழ் நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம் இல்லங்களில் ஒரு பழக்கம் இன்னும் மறையாமல் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைக் குத்துவிளக்கையும் வெண்கலப் பானையையும் விசேஷ நாளுக்கு முன்தினம் புளியிட்டுத் துலக்குவோம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது, உலோகம் பளபளக்கிறது. அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்கு இது நல்ல வைத்தியமே. ஆனால் இதே புளியைக் கொண்டு, ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஒரு பொருளைத் துலக்கினால் என்ன ஆகும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான்.

நேயர்களே, நான் விஞ்ஞானி அல்லன். புதைபொருள் ஆராய்ச்சியாளனும் அல்லன். கலைப்பாடம் படித்துத் தேறி, தலைநகரில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவன். சில ஆண்டுகளுக்கு முன், அகழ்ந்தெடுத்த பொருள்களைக் கையாளும் முறை பற்றிய ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதன் தலைப்பிலேயே நான் திகைத்து நின்றுவிட்டேன். 'பாதுகாப்பு' என்று எழுதினால் வாயிற்காவலர்தான் நினைவுக்கு வருகிறார். 'புதுப்பித்தல்' என்று எழுதலாமென்றால், எதைச் செய்யக் கூடாதென்று அந்தக் கையேடு பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கிறதோ, அதுவே அச்சொல்லின் பொருளாக இருக்கிறது. இரண்டு நாள் யோசித்த பிறகு 'பேணுதல்' என்று எழுதினேன். முதியோரைப் பேணுகிறோம் என்று சொல்கிறோம் அல்லவா? அவரை மீண்டும் இளைஞராக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. உள்ளபடியே, மேலும் கேடு வராமல், நலமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறைதான் இருக்கிறது. இந்தத் துறையின் சாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

மொழிபெயர்த்துக்கொண்டே சென்றபோது, நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்த ஒரு கத்தி நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூர். நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, என் பெரியப்பா தம் தோட்டத்தில் மோட்டார் அறை கட்ட அஸ்திவாரம் தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் ஒரு பெரிய தாழி தென்பட்டது. முன்னோர் இறந்தவரை இட்டுப் புதைத்த முதுமக்கள் தாழி அது. உள்ளே பொன் இருக்கும் என்று நம்பிக் கடப்பாரையால் உடைத்தார்கள். பொன் இல்லை. மண்ணும், எலும்புத் துண்டுகளும், கறுப்பும் சிவப்புமான சில சிறு கலயங்களும், ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் கத்தி ஒன்றுமே இருந்தன. மண்ணை வரப்பில் கொட்டினார்கள். "உனக்குத்தானே பழசெல்லாம் பிடிக்கும், வைத்துக்கொள்" என்று சொல்லிப் பெரியப்பா கத்தியை என் கையில் கொடுத்தார்.

நான் அதை வாய்க்கால் நீரில் கழுவினேன். செங்கல் தூளால் தேய்த்தேன். திண்ணையில் சித்திரை வெயிலில் காயவைத்தேன். பிறகு ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தேன். ஐப்பசி மழை வந்தபோது எடுத்துப் பார்த்தால், கத்தியின் மேல் பழுப்பு நிறத்தில் சிறு சிறு நீர்த்துளிகள் வியர்வை போல் அரும்பியிருந்தன. துடைத்தேன், மறுபடியும் அரும்பின. பிறகு தகடு தகடாக உரிந்தது. தை பிறப்பதற்குள் பெட்டியில் செந்தூளே மிஞ்சியது. போகியன்று என் தாயார் அதைப் பழைய குப்பையோடு கொட்டிவிட்டார். எத்தனையோ நூற்றாண்டுகள் மண் காத்து வைத்திருந்த பொருளை நான் ஒன்பதே மாதத்தில் அழித்தேன். அன்பினால்தான் அழித்தேன். நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றும் அந்தக் கையேட்டில் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன.

மண்ணுக்குள் பொருள்கள் எவ்வாறு பிழைத்திருக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். புதைந்த பொருள் தொடக்க காலத்தில் விரைவாகவே கெடுகிறது. உலோகம் துருவேறுகிறது, மரத்தையும் துணியையும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருளுக்கும் சூழ்ந்துள்ள மண்ணுக்கும் இடையே ஒருவிதச் சமரசம் ஏற்படுகிறது. ஈரம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. வெளிச்சம் இல்லை, காற்று மிகக் குறைவு, வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. கெடுதல் மிக மெதுவாகி, ஏறத்தாழ நின்றே போகிறது. மண்வெட்டி படும் நாளில் இந்தச் சமரசம் முறிகிறது. ஒரே நாளில் வெயில், காற்று, உலர்ச்சி, ஒளி ஆகிய நான்கும் சேர்ந்து தாக்குகின்றன. ஆகவே ஒரு புதைபொருளின் நீண்ட வாழ்வில் மிகவும் ஆபத்தான நேரம் அது வெளியே எடுக்கப்படும் நேரந்தான்.

இதனால்தான், பேணும் பணி ஆய்வுக்கூடத்தில் அல்ல, அகழ்குழியிலேயே தொடங்க வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துகிறார்கள். குழியின் மேல் பந்தல் இட்டு நிழல் தருவது முதல் வேலை. ஈரமாகக் கிடைத்த பொருளை ஈரமாகவே வைக்க வேண்டும். உலர்ந்து கிடைத்ததை உலர்வாகவே வைக்க வேண்டும். எலும்பும் தந்தமும் வெயிலில் காய்ந்தால் வெடித்துத் தகடு பிரியும். ஆகையால் அவற்றை நிழலில் மிக மெதுவாக உலர விடுகிறார்கள். உலோகத்தையும் ஈர மண்ணோடு கூடிய பானையையும் ஒரே பெட்டியில் இடுவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம் என்று குறித்த சீட்டு உடன் செல்கிறது. சீட்டு இழந்த பொருள் முகவரி இழந்த கடிதத்துக்கு ஒப்பாகும். உள்ளே செய்தி இருந்தும் யாருடையது என்று தெரியாமற் போய்விடும்.

சில வேளைகளில் பொருளே மறைந்து, அதன் வடிவம் மட்டும் மண்ணில் கறையாக நிற்பதும் உண்டு. தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், உத்தரப் பிரதேசத்துப் பாக்பத் மாவட்டத்தில் சனௌலி என்னும் ஊர் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே நடத்திய அகழ்வில், சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈமக்குழிகள் வெளிப்பட்டன. சவப்பெட்டிகளும் இருசக்கர வண்டிகளும் இருந்தன. அவை தேர்களா, மாட்டு வண்டிகளா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. வண்டிகளின் மரம் பெரும்பாலும் மட்கிப்போயிருந்தது. சக்கரங்களில் பதித்திருந்த முக்கோணச் செப்புத் துண்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. அந்தத் துண்டுகளை 'செம்பு, இத்தனை' என்று எண்ணிப் பையில் போட்டிருந்தால், சக்கரம் என்ற ஒன்றே உலகுக்குத் தெரியாமற் போயிருக்கும். ஒவ்வொன்றும் நின்ற நிலையைச் சிதைக்காமல், தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் மண்ணை நீக்கியதால்தான் ஒரு வண்டி கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்வாறு நைந்துபோன பொருளைக் கையால் தூக்க முடியாது. அதைச் சுற்றிலும் மண்ணைச் செதுக்கி, மண் பாளத்தின் நடுவே அது அமர்ந்திருக்குமாறு விடுகிறார்கள். மேலே மெல்லிய தாளும் துணியும் பரப்பிப் பாரீஸ் சாந்தால் கவசம் இடுகிறார்கள். பக்கங்களில் மரச்சட்டம் பொருத்தி, அடியில் பலகை செருகி, பாளத்தோடு பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்கிறார்கள். வயல்வெளியில் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலையை மேஜையின் மேல், நல்ல விளக்கொளியில், நிதானமாகச் செய்வதற்கு இம்முறை உதவுகிறது.

இனி, அகழ்வில் மிகுதியாகக் கிடைக்கும் மண்பாண்டத்தைப் பார்ப்போம். சுட்ட மண்ணுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். நிலத்தடி நீரிலுள்ள உப்புகள் ஓட்டின் நுண்துளைகளில் ஊறியிருக்கின்றன. காற்று உலரும்போது அந்த உப்பு படிகமாகிப் பருக்கிறது. ஈரம் மிகும்போது மறுபடியும் கரைகிறது. ஆண்டுதோறும் கோடையும் மழையும் மாறி மாறி வர, படிகங்கள் உள்ளிருந்து நெருக்கி, மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடுகின்றன. பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்வதை நாம் கண்டிருக்கிறோம். அதே செயல்தான் இது. இதற்கு வைத்தியம் வாலைநீர். ஓட்டை வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊறிய நீரில் சிறிது எடுத்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளி விடுவார்கள். நீர் பால் போல் கலங்கினால் குளோரைடு உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். தெளிந்து நிற்கும் வரையில் ஊறவைக்க வேண்டும். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

ஆனால் எல்லா ஓட்டையும் கழுவிவிடவும் கூடாது. சமைத்த உணவின் கொழுப்பு பானையின் சுவரில் ஊறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கக் கூடியது. வடமேற்கு இந்தியாவிலுள்ள சிந்து நாகரிக ஊர்களில் கிடைத்த ஓடுகளில் இவ்வாறு ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்து, அவற்றில் சமைத்த உணவில் விலங்குப் பொருள்கள் மிகுந்திருந்தன என்பதை 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, பசை ஒட்டிய ஓடு இப்படிப்பட்ட கேள்விக்கு விடை சொல்லாது. ஆகவே ஒவ்வொரு குழியிலும் சில ஓடுகளைக் கழுவாமல், கை படாமல் தனியே எடுத்து வைப்பது இப்போது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. கரித்துண்டுக்கும் அவ்வாறே. காலத்தைக் கணிக்க உதவும் கரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றாமல் அலுமினியத் தகட்டில் பொதிகிறார்கள். இக்காலத்துப் பஞ்சின் இழை ஒட்டினாலும் கணக்குப் பிசகக் கூடும்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வரப்பில் கொட்டிய மண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலுள்ள சிவகளையில், ஒரு தாழிக்குள் இருந்த மண்ணோடு நெல் உமி கிடைத்தது. அதனைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் காலம் கி.மு. 1155 எனத் தெரிய வந்ததாகத் தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. பொன்னைத் தேடுபவனுக்கு அந்த மண் வெறும் குப்பை. பொறுமையோடு சலிப்பவருக்கு அதில் மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சோறு இருக்கிறது.

இப்போது புளியின் விஷயத்துக்கு வருவோம். செம்பும் வெண்கலமும் மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தால் பச்சைக் களிம்பு ஏறுகிறது. இந்தக் களிம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று இறுகி, வழவழப்பாக, உலோகத்துக்குத் தோல் போல் அமைவது. அது கேடு செய்வதில்லை. பெரும்பாலும் பொருளின் பழைய மேற்பரப்பும், அதில் வெட்டிய எழுத்தும், செதுக்கிய அணிகலனும் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. மற்றொன்று வெளிறிய பச்சை நிறத்தில் மாவு போல் உதிர்வது. இதை 'வெண்கல நோய்' என்கிறார்கள். மண்ணிலுள்ள உப்பினால் உலோகத்துக்குள் செம்புக் குளோரைடு உண்டாகி ஒளிந்திருக்கிறது. வெளியே எடுத்தபின் ஈரமும் பிராணவாயுவும் பட்டதும் அது மாறிப் பச்சை மாவாகிறது. அப்போது அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் மேலும் உலோகத்தை அரித்து மேலும் குளோரைடை உண்டாக்குகிறது. இப்படி வட்டமாகச் சுழலும் நோய் தானாக நிற்பதில்லை. ஒரு சிறு புள்ளியாகத் தொடங்கிப் பொருள் முழுவதையும் துளைத்துவிடக் கூடும்.

புளி என்ன செய்யும்? நல்ல களிம்பை முதலில் அகற்றிவிடும். அதோடு எழுத்தும் அணியும் போய்விடும். ஆழத்தில் ஒளிந்திருக்கும் குளோரைடை அது எட்டாது. நோயாளியின் தோலை உரித்துவிட்டு நோயை உள்ளே விட்டு வைப்பதற்கு ஒப்பான வைத்தியம் அது. ஆய்வுக்கூடத்தில் அப்படிச் செய்வதில்லை. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, நோயுற்ற இடத்தை மட்டும் நுண்ணிய கத்தியால் சுரண்டி எடுக்கிறார்கள். காரக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைடைக் கழுவுகிறார்கள். 1960-களின் பிற்பகுதியிலிருந்து பென்சோடிரையசோல் என்னும் இரசாயனத்தைச் சாராயத்தில் கரைத்து ஊட்டும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. அது செம்பின் மீது மெல்லிய காப்பாகப் படிகிறது. நச்சுத்தன்மை உள்ளதாகையால் கையுறையோடுதான் அதைத் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றின் ஈரப்பதத்தை நூற்றுக்கு நாற்பதுக்கும் கீழே வைத்துக்கொண்டால் நோய் உறங்கிக் கிடக்கும்.

துருவைக் கண்டவுடன் துடைக்கக் கூடாது என்பதற்கு இந்நாட்டு வரலாற்றில் ஓர் அரிய சான்று இருக்கிறது. இப்போது பாகிஸ்தானிலுள்ள மொகஞ்சதாரோவில் 1920-களில் நடந்த அகழ்வில் வெள்ளிக் கலம் ஒன்று கிடைத்தது. அதன் மேல் ஒரு சிறு துணித் துண்டு ஒட்டியிருந்தது. பம்பாயிலிருந்த பருத்தி ஆராய்ச்சிக் கூடத்தில் அதை ஆராய்ந்து, பருத்திதான் என்று உறுதி செய்தார்கள். உலோகம் அரிக்கப்பட்டபோது கசிந்த உப்புகள் நூலில் ஊறி, அதைத் தின்னவிருந்த நுண்ணுயிர்களைத் தடுத்ததால்தான் அந்தத் துணி பிழைத்தது. கலத்தைக் கண்டெடுத்தவர் பெருமையோடு அதைப் பளபளவென்று துலக்கியிருந்தால், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலத்தார் பருத்தி நூற்று நெய்தார்கள் என்பதற்கான நேரடிச் சான்று துடைத்த துணியோடு குப்பைக்குப் போயிருக்கும்.

இரும்பின் கதை இதனினும் கடினமானது. என் கத்தியில் அரும்பிய நீர்த்துளிகள் எங்கிருந்து வந்தன என்பது கையேட்டைப் படித்த பின்னரே புரிந்தது. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு இரும்புக்குள் தங்கியிருந்து, மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அமிலத் துளியாக வெளியே கசிகிறது. இரும்பு அழுகிறது என்று நிபுணர்கள் சொல்வது இதையே. இதைத் தடுக்க வேண்டுமானால், கிடைத்த நாள் முதல் ஈரம் அண்டாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குருணையோடு வைக்க வேண்டும். இரும்புக்கு ஈரப்பதம் நூற்றுக்கு இருபதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பிறகு எக்ஸ் கதிர் கொண்டு படம் பிடிக்கிறார்கள். வெளியே துருக்கட்டியாகத் தெரிவது உள்ளே கத்தியா, உளியா, அம்பு முனையா என்று படம் சொல்லும். பிடியைச் சுற்றிய துருவில் மரத்தின் இழையமைப்பும் அச்சாகப் பதிந்திருக்கலாம். அதன்பின் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுகிறார்கள். செங்கல் தூளால் நான் தேய்த்துப் போக்கியது அழுக்கு என்று நினைத்திருந்தேன். அதில் பிடியின் மரமும் இருந்திருக்கக் கூடும். சிவகளையில் கிடைத்த மாதிரிகள் தமிழகத்து இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு செல்வதாக 2025 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. அறிஞர் உலகம் அதை ஆராய்ந்து வருகிறது. அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கூச்சமும் உண்டாயிற்று.

நீரில் ஊறிய மரம் மற்றொரு வகை. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில், பண்டைய முசிறி இதுவே எனப் பலர் கருதும் இடத்தில், 2007-ஆம் ஆண்டு ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரு மரத்தோணி சேற்றுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. காற்றுப் புகாத சேறு அதை ஈராயிரம் ஆண்டுகள் காத்தது. இத்தகைய மரம் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். ஆனால் அதன் உயிரணுச் சுவர்கள் கரைந்துபோய், நீர்தான் அதைத் தாங்கி நிற்கிறது. உலர விட்டால் சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். ஆகவே நீருக்குப் பதிலாக மெழுகு போன்ற ஒரு பொருளைச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். சுவீடன் நாட்டில் 1961-இல் கடலிலிருந்து எடுத்த 'வாசா' என்னும் கப்பலுக்கு இந்த மெழுகுக் கரைசலைத் தெளிக்கப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. அகழ்ந்தெடுப்பது ஒரு பருவத்து வேலை. பேணுவது தலைமுறை வேலை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இப்பணிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தொல்பொருள் இலாகாவில் இரசாயன நிபுணர் பதவி 1917-இல் ஏற்பட்டது. கல்கத்தா இந்தியக் காட்சிச்சாலையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் சில ஆண்டுகளில் டேராடூனுக்கு மாற்றப்பட்டது. முகம்மது சனாவுல்லா அத்துறையின் முன்னோடி. சென்னை அரசாங்கக் காட்சிச்சாலையில் 1930-இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கிற்று. அங்கே பரமசிவன் என்னும் இரசாயன நிபுணர் மின்சாரத்தைச் செலுத்திச் செப்புத் திருமேனிகளின் நோயை நீக்கும் முறையைக் கையாண்டார். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த திருமேனிகள் பலவற்றை நாம் இன்று காண முடிகிறதென்றால் அதில் அக்கூடத்துக்கும் பங்கு உண்டு. 1976-இல் லட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் பண்பாட்டுச் செல்வங்களைப் பேணுவதற்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது.

வைத்தியமே நோயாக மாறியதும் உண்டு. அஜந்தா ஓவியங்கள் புதைபொருள் அல்லவாயினும், அவற்றின் கதை இங்கே பொருந்தும். 1920-க்கும் 1922-க்கும் இடையே, நிஜாம் அரசாங்கம் அழைத்து வந்த இத்தாலிய நிபுணர்கள் ஓவியங்கள் உதிராமல் இருக்க அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நன்னோக்கத்தோடு செய்த காரியந்தான். ஆண்டுகள் செல்ல அந்த அரக்கு மஞ்சளித்துப் பழுப்பாகி, அவர்கள் காக்க விரும்பிய வண்ணங்களையே மறைத்தது. பின்னர் வந்த இரசாயன நிபுணர்கள் அந்தப் பூச்சை அகற்றுவதிலேயே பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். இதிலிருந்து ஒரு நெறி பிறந்தது: இன்று நாம் இடும் பசையோ பூச்சோ, நாளை ஒருவர் அகற்ற விரும்பினால் பொருளுக்கு ஊறின்றி அகற்றக் கூடியதாக இருக்க வேண்டும். எதை, எப்போது, எவ்வளவு இட்டோம் என்பதை எழுதியும் வைக்க வேண்டும். நமக்குப் பின் வருபவர் நம்மைவிட அதிகம் அறிந்தவராக இருப்பார் என்ற பணிவே இந்த நெறிக்கு அடிப்படை.

நேயர்களே, இவையெல்லாம் நிபுணர்களின் வேலை, நமக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விடுமுறைக்கு ஊருக்குச் செல்கிறோம். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிறோம்; கிணறு தோண்டுகிறோம்; தோட்டத்தைத் திருத்துகிறோம். அகழ்வாராய்ச்சியாளரின் தூரிகைக்கு முன்னே நம் கடப்பாரைதான் பல இடங்களில் மண்ணைத் தொடுகிறது. தாழியோ, படிமமோ, காசோ தென்பட்டால் அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். இருந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு, வெயில் படாமல் மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. சட்டத்துக்கு அஞ்சித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அந்த மண்ணுக்குள் இருப்பவர் நம் பாட்டனாருக்குப் பாட்டனார் என்ற நினைவு போதும்.

அடுத்த முறை நீங்கள் வாழும் நகரத்துக் காட்சிச்சாலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளோடு, மூலையில் ஈரத்தை அளக்கும் சிறு கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். கத்தியும் காசும் பளபளக்கவில்லையே என்று குழந்தைகள் கேட்டால், அவை அழுக்காக இல்லை, பேணப்பட்டிருக்கின்றன என்று சொல்லுங்கள்.

என் வீட்டுக் குத்துவிளக்கை நாங்கள் இன்றும் புளியிட்டே துலக்குகிறோம். அது எரிய வேண்டிய விளக்கு. என் பெரியப்பா இப்போது இல்லை. அந்த மோட்டார் அறை இருக்கிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது அதன் பக்கத்து வரப்பில் சிறிது நேரம் நின்றேன். கறுப்பும் சிவப்புமான ஓட்டுச் சில்லு ஒன்று மழையில் வெளிப்பட்டுக் கிடந்தது. குனிந்து எடுக்கக் கை நீண்டது. எடுக்கவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு, தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.